நானா வாசித்தது

தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனால் மீனோடு மட்டும் திரும்பி வருகிற ஆள் இல்லை நான். போன சனிக்கிழமையும் அப்படித்தான். மேல்மாடித் துணிக்கடைகளில் ஒரு சுற்று, கீழே சாப்பாட்டுக் கடைகளில் ஒரு சுற்று, கடைசியில் கரும்புச் சாறு. கடைக்காரப் பெண் கரும்பை மடித்து மடித்து இயந்திரத்துக்குள் கொடுக்க, மறுபக்கம் சக்கை வந்து விழுந்துகொண்டிருந்தது. ஈரச் சக்கைக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? இனிப்பு வாசனை இல்லை, இனிப்பு போன பிறகு மிஞ்சுகிற நார் வாசனை. சாக்ஸபோன் ஊதுகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். வாயில் வைக்கிற ரீட் என்பது நாணலைச் சீவி எடுத்த ஒரு சின்னப் பட்டை. எச்சிலில் ஊறினால் கிட்டத்தட்ட இதே வாசனைதான் வரும். மீன் பையோடு நின்ற எனக்கு முன்பு குடியிருந்த ஈசூன் வீட்டின் அந்தச் சின்ன அறை ஞாபகம் வந்துவிட்டது. கூடவே குற்ற உணர்ச்சியும் வந்தது. அந்த அறையை நினைத்தால் அது வராமல் இருந்ததில்லை.

எனக்குக் குற்ற உணர்ச்சி கொஞ்சம் மலிவாகவே வரும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். லிப்ட் கதவு மூடும்போது யாராவது ஓடி வந்து தவறவிட்டால், நான் பத்தாவது மாடி போகிற வரை வருத்தப்படுவேன். காப்பிக் கடையில் மேசை துடைக்க வருகிற ஆன்ட்டியிடம் நான் சிந்தாத காப்பிக்கும் சாரி சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்டவனுக்கு சிங்கப்பூருக்கு வேலைக்கு வந்ததும் கிடைத்த முதல் தங்குமிடம் என்ன தெரியுமா? வீட்டை விட்டுப் போன ஒரு பையனின் அறை.

வீட்டுக்காரர் ஜமால் பாய். நாகூர்ப் பக்கத்துக் குடும்பம்; அவருடைய வாப்பா காலத்திலேயே இங்கே வந்து நிலைத்தவர்கள். சிராங்கூன் ரோட்டில் பயணப் பெட்டிக் கடை வைத்திருந்தார். ஊருக்குப் போகிற தொழிலாளிகள் அவரிடம்தான் பெட்டி வாங்குவார்கள். மனைவி தவறிப்போய்ச் சில வருடங்கள் ஆகியிருந்தன. ஒரே மகன் ரியாஸ், ராணுவ சேவை முடித்த கையோடு நண்பர்களுடன் பாசிர் ரிஸ்ஸில் ஓர் அறை எடுத்துப் போய்விட்டான். கல்யாணம் ஆகாத பிள்ளை, ஒரே ஊரில் வாப்பா இருக்க, தனி அறை எடுத்துப் போவது இங்கே சின்ன விஷயமில்லை. ஜமால் பாய் அதைப் பற்றிப் பேசமாட்டார். காலியாகக் கிடந்த அறைக்கு என்னை வைத்துக்கொண்டார். அந்தப் பையனின் கட்டிலில் படுத்தேன். அவன் பெயர் எழுதிய குவளையில் தேநீர் குடித்தேன். ஒவ்வொரு மடக்குக்கும் மனசுக்குள் ஒரு சாரி.

நான் திருச்சியில் படித்து வளர்ந்தவன். எங்களுக்கு அண்ணன் அண்ணன்தான். அந்த வீட்டில் அண்ணனை நானா என்பார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒருநாள் ஹாலில் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். புதிதாகக் குடிவந்தவன் என்று சொன்னதும் எதிர்முனையில், "ஓ... நானா..." என்றது ஒரு குரல். "ஆமா, நீங்கதான். நீங்க யாரு?" என்றேன். "நானா, வாப்பா இருக்காங்களா?" "யாரா இருந்தாலும் முதல்ல பேரைச் சொல்லுங்க தம்பி." அது ரியாஸ். ஜமால் பாய் வந்து விஷயத்தைக் கேட்டு, பேச வேண்டியதைப் பேசிவிட்டு வைத்துவிட்டு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அதற்குப் பிறகு ரியாஸ் என்னை நானா என்றே கூப்பிட்டான். அவன் இடத்தில் குந்தியிருக்கிறவனுக்கு அவனே உறவு கொடுத்துக் கூப்பிட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

கட்டிலுக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதில் சின்னதாக ஒரு பூட்டு; ஜமால் பாய் கடையில் பயணப் பெட்டிகளுக்குப் போட்டுக் கொடுக்கிற அதே வகைப் பூட்டு. பெட்டி விற்கிறவருக்குப் பெட்டி சும்மா கிடப்பது பிடிக்காது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டும்போது அது துடைப்பத்தில் இடிக்க, இழுத்து வெளியே வைத்துத் திறந்துவிட்டார். உள்ளே ஆல்ட்டோ சாக்ஸபோன். மகனுடையது என்றார். உயர்நிலைப் பள்ளி பேண்டில் வாசித்தானாம். பள்ளி இறுதி ஓ லெவல் பரீட்சை வருடம் இவர்தான் பூட்டியிருக்கிறார். பரீட்சை முடிந்த அன்றே இவரே திறந்தும் வைத்திருக்கிறார். பையன் தொடவில்லை. திறந்த பெட்டி ஒரு வாரம் ஹாலில் அப்படியே கிடந்ததாம். பிறகு பழையபடி பூட்டிக் கட்டிலடியில் தள்ளிவிட்டார்.

"ஊதத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். பள்ளிக்கூட பேண்டில் கிளாரினெட் ஊதியிருக்கிறேன் என்று வாய் முந்திக்கொண்டது. சுதந்திர தினத்துக்கும் விளையாட்டு விழாவுக்கும் ஊதியதை ஊதியது என்று சொல்ல முடியுமா என்பது வேறு விஷயம். "அப்ப ஊதுங்க. சும்மா கெடந்தா துருப்பிடிக்கும்" என்றார். மகனிடம் கேட்க வேண்டாமா என்றேன். அவர் துடைப்பத்தை எடுத்துக்கொண்டார்.

பெட்டிக்குள் ஓர் இசைத்தட்டும் இருந்தது. போட்டுப் பார்த்தேன். பியானோ, பாஸ், ட்ரம்ஸ். பாட்டு மட்டும் இல்லை. பயிற்சிக்கென்றே செய்கிற தட்டு அது. நடுவில் பாடுகிறவனுக்கோ ஊதுகிறவனுக்கோ இடத்தைக் காலியாக விட்டிருப்பார்கள். இருந்தது ஒரு பழைய அமெரிக்கப் பாட்டு. ஜாஸ் கேட்காதவர்கள்கூட ஏதாவது ஹோட்டல் லாபியில் கேட்டிருப்பார்கள். நாலு வீட்டு வரிசை போல அமைப்பு, மூன்றாவது வீடு மட்டும் வேறு மாதிரி. முதல் சுற்று பாட்டை அப்படியே வாசிக்க வேண்டும். இரண்டாவது சுற்றில் பாட்டை விட்டுவிட்டு, அதே வீடுகளுக்குள் புகுந்து, உங்களுக்குத் தோன்றியதை வாசிக்க வேண்டும்.

தோன்றியதை! நமக்கு எதைத் தோன்றவிட்டார்கள்? பள்ளியில் கட்டுரை எழுது என்றால்கூட, பசுவைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒன்றை மனப்பாடம் செய்துகொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தவன் நான். சமூக மன்றத்தில் வாரம் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். சொல்லிக்கொடுத்தது என்னைவிட வயதில் இளைய ஒரு சீனப் பெண். அந்தந்த இடத்தில் பியானோ என்ன செய்கிறது என்று கேள், அதற்குப் பதில் சொல்லு, அவ்வளவுதான் என்பார். நான் வீட்டில் உட்கார்ந்து பதிலைத் தயாரிப்பேன். நல்ல பதில் கிடைத்தால் அதையே நூறு தடவை ஊதி நெட்டுருப் போடுவேன். வகுப்பில் கண்ணை மூடிக்கொண்டு, அப்போதுதான் தோன்றுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வாசிப்பேன்.

பதில் நல்லதா கெட்டதா என்று எனக்கு எப்படித் தெரியும்? அதற்கு ஒரு வழி கிடைத்தது. வேலை விட்டு வந்து சாயங்காலம் அறையில் வாசிப்பேன். வெளியே ஹாலில் ஜமால் பாய் தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி பார்த்துக்கொண்டிருப்பார். கதவு பாதி திறந்திருக்கும். நான் ஏதாவது வாசிக்கும்போது சில சமயம் அங்கிருந்து "ம்" என்று ஒரு சத்தம் வரும். நல்ல சாப்பாட்டில் முதல் கவளம் வாய்க்குள் போனதும் வருமே, அந்த "ம்". முதலில் செய்திக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். பிறகு கவனித்தால் எனக்குத்தான். மூன்றாவது வீட்டுக்குள் நுழையும்போது நான் மேலே ஏறினால் ஒன்றும் வராது. கீழேயே நின்று, கொஞ்சம் தாமதித்து, சட்டென்று தாண்டினால் "ம்". கடைசி வீட்டில் ஒரு சுரத்தை இழுத்துக்கொண்டே போனால் "ம்". எனக்கு மார்க் போடுகிற ஆள் கிடைத்துவிட்டார். "ம்" வந்த இடத்தையெல்லாம் வைத்துக்கொண்டேன், வராத இடத்தை மாற்றிக்கொண்டேன். ஒருமுறை அவரே கதவருகில் வந்து நின்று, அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் இழுத்தால் நன்றாக இருக்கும் போலத் தோன்றுகிறது, எனக்கென்ன தெரியும், என்று சொல்லிவிட்டுப் போனார். இழுத்தேன். நன்றாக இருந்தது.

வகுப்பில் அந்தப் பெண் ஒருநாள், நீ வாசிக்கிறது ரொம்ப நல்லாயிருக்கிறது, ஆனால் போன வாரமும் இதே, அதற்கு முந்தின வாரமும் இதே என்றார். யாரைப் பார்த்து வாசிக்கிறாய் என்று கேட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டல்லவா வாசிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். கேள்வி அப்போது புரியவில்லை.

அந்த வருஷ ஹஜ்ஜுப் பெருநாளுக்கு ஜமால் பாய் வீட்டில் சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். ரியாஸும் வந்திருந்தான். தட்டில் பிரியாணியை வைத்துக்கொண்டு செருப்பு அலமாரிக்குப் பக்கத்தில் ஒரு மோடாவில் உட்கார்ந்திருந்தான், சொந்த வீட்டில் விருந்தாளி மாதிரி. நான் அறைக்குள் ஒதுங்கிவிடலாம் என்று பார்த்தேன். அதற்குள் ஜமால் பாய், "தம்பி, அந்தப் பாட்டைப் போட்டு வாசிங்களேன்" என்றார். எனக்கு உடம்பு கூசியது. ரியாஸைப் பார்த்து, நீங்க வாசிங்களேன் தம்பி, உங்களுடையதுதானே என்றேன். அவன் தலையை ஆட்டிவிட்டான். "நான் விட்டு ரொம்ப நாளாச்சு நானா. நீங்க வாசிங்க. அவர் கேக்கட்டும் லா."

வாசித்தேன். மறைப்பானேன், நன்றாகவே வாசித்தேன். "ம்" ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் வந்து விழுந்தது. முடிந்ததும் எல்லோரும் கைதட்டினார்கள். ரியாஸ் மட்டும் தட்டைப் பிடித்த கையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இத யாரு சொல்லிக் குடுத்தா நானா?"

கைதட்டலில் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தேன். "யாரும் சொல்லிக் குடுக்கல தம்பி. நானா வாசிச்சதுதான்."

அடுக்களையிலிருந்து ஒரு பெரியம்மா, "அதானே, நானா வாசிச்சதுதானே" என்று எடுத்துக் கொடுக்க, வீடே சிரித்தது. ஜமால் பாயும் சிரித்தார். ரியாஸ் தட்டைக் கீழே வைத்தான். வேலை இருக்கிறது என்று யாரிடமோ சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். பாதிக்கு மேல் பிரியாணி அப்படியே இருந்தது.

அவன் ஏன் போனான் என்று எனக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருந்தது. அறை என்னிடம், கட்டில் என்னிடம், சாக்ஸபோன் என்னிடம். அன்றைக்கு வாப்பாவின் விருந்தாளிகளும் என்னிடம். வேறென்ன வேண்டும்? என் போன்றவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. குற்றம் என்னவென்று விசாரிக்க மாட்டோம், தண்டனையை மட்டும் நாமே விதித்துக்கொண்டு அனுபவித்துவிடுவோம். அடுத்த மாதமே அலுவலகத்துக்குப் பக்கம் என்று ஒரு பொய்யைச் சொல்லி, சிராங்கூனில் வேறு அறை பார்த்துக்கொண்டு போனேன். பெட்டியைத் துடைத்து, இசைத்தட்டை உள்ளே வைத்து, கட்டிலடியில் பழைய இடத்திலேயே தள்ளினேன். ஜமால் பாய் என் துணிமணிகளுக்குக் கடையிலிருந்து நல்ல பெட்டியாக ஒன்று கொண்டுவந்து தந்தார். "அடிக்கடி வாங்க தம்பி" என்றார். நான் போகவில்லை. மகன் வருகிற வழியை அடைத்துக்கொண்டு நிற்கக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இரண்டு வருடம் போல ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தேக்காவில் இதே கரும்புச் சாற்றுக் கடைதான். "நானா" என்று பின்னாலிருந்து குரல். ரியாஸ். கொஞ்சம் சதை போட்டிருந்தான். எனக்கும் ஒரு சாறு சொன்னான். இருவரும் உறிஞ்சிக்கொண்டிருந்தோம். பிறகு அவனே ஆரம்பித்தான். அன்று கோபித்துக்கொண்டு போனது தப்பு என்றான். ஸ்கூல் பேண்டில் யாரோ அவன் வாசித்ததை டேப் செய்திருப்பார்கள், அது எப்படியோ என் கைக்கு வந்திருக்கும், அதைக் கேட்டு வாசித்துவிட்டு நானா வாசித்தது என்று சொன்னதுதான் அப்போது தாங்கவில்லை, இப்போது பரவாயில்லை என்றான்.

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. என்ன டேப்? எதை வாசித்தீர்கள்?

"அந்த ஸோலோ நானா. அது நான் வாசிச்சது. தர்ட் பார்ட்ல கீழேயே நின்னு லேட்டா ஜம்ப் பண்றது, கடைசியில இழுக்கறது, எல்லாம் என்னோடது. செகண்டரி த்ரீ ஃபுல்லா ரூம்ல அதத்தான் வாசிச்சேன்."

டேப்பும் இல்லை ஒன்றும் இல்லை என்று சொன்னேன். எப்படி வந்தது என்று கேட்டான். அப்போதுதான், வாழ்க்கையில் முதல்முறையாக, அது எப்படி வந்தது என்று நானும் யோசித்தேன். உங்க வாப்பா ஹாலில் உட்கார்ந்திருப்பார் என்றேன். ஒரு சில இடத்தில் "ம்" என்பார். அந்த இடத்தையெல்லாம் வைத்துக்கொண்டேன் என்றேன்.

"எந்த எடத்துல?"

அந்த இரைச்சலில் நின்றுகொண்டு வாயாலேயே பாடிக் காட்டினேன். அந்தந்த இடம் வந்ததும் ஜமால் பாய் மாதிரியே "ம்" என்றேன். ரியாஸ் குடிப்பதை நிறுத்திவிட்டான். பக்கத்தில் ஒரு குடும்பம் மேசை காலியாகுமா என்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கதவச் சாத்திட்டுத்தான் வாசிப்பேன் நானா. அவர் டிவி சவுண்ட ஏத்திக்குவார். கேக்கப் புடிக்கலன்னு நெனச்சேன்."

என்னையும் இழுத்துக்கொண்டு எம்ஆர்டி ரயில் ஏறினான். ஈசூனில் இறங்கினோம். ஜமால் பாய் கதவைத் திறக்க நேரமாயிற்று. மணிச் சத்தம் காதில் விழவில்லை. ஜன்னல் வழியாகக் கையை ஆட்டின பிறகுதான் எழுந்து வந்தார். அந்த இரண்டு வருடத்தில் காது மெல்ல மெல்ல அடைத்துக்கொண்டுவிட்டது. கேட்கும் கருவி வாங்கியிருந்தார். அது கூவுகிறது என்று கழற்றி அலமாரியில் வைத்திருந்தார். ரியாஸ் அறைக்குள் போய்ப் பெட்டியை இழுத்து வந்தான். இசைத்தட்டைப் போட்டான். ரீட்டை வாயில் வைத்து ஊறவிட்டான். ஜமால் பாய் அவன் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"சத்தமா வாசி" என்றார்.

முதல் சுற்று பாட்டு. விரல் கொஞ்சம் தடுமாறியது. இரண்டாவது சுற்றில் மூன்றாவது வீட்டுக்குள் அவன் இன்னும் நுழையக்கூட இல்லை, ஜமால் பாய் விரலைப் பார்த்து ஏதோ கணக்குப் போட்டு "ம்" என்றுவிட்டார். தப்பான இடம். ரியாஸ் என்ன செய்தான் தெரியுமா? வாசித்துக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டு, அந்தத் தாண்டலைக் கொண்டுவந்து அங்கேயே வைத்தான். "ம்"முக்குப் பக்கத்திலேயே வந்து விழுந்தது. கடைசி வீட்டில் "ம்" வரவில்லை. அவன் இரண்டே சுரங்களுக்குள் சுற்றிச் சுற்றி வந்தான், வாப்பாவின் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல். பியானோ தன்பாட்டுக்கு வீட்டைத் தாண்டி அடுத்த சுற்றுக்கே போய்விட்டது. அவன் போகவில்லை. ஜமால் பாயின் தாடை லேசாக அசைந்தது. "ம்." அப்போதுதான் அந்த இழுப்பை எடுத்தான். யாரைப் பார்த்து வாசிக்கிறாய் என்று வகுப்பில் என்னைக் கேட்ட கேள்வி எனக்கு அங்கே புரிந்தது.

"பாத்தீங்களா தம்பி, ஒண்ணும் மறக்கல" என்றார் ஜமால் பாய் என்னிடம். மகனைச் சொன்னாரா தன்னைச் சொன்னாரா தெரியவில்லை. சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேநீர் போட எழுந்து போனார்.

நல்லபடியாகத்தானே முடிந்தது, பிறகென்ன என்று நீங்கள் கேட்கலாம். ரியாஸும் இதையேதான் சொன்னான், விடுங்க நானா என்று. ஆனால் கணக்கு எனக்கு வேறு மாதிரி வருகிறது. அந்தப் பெருநாளில், யாரு சொல்லிக் குடுத்தா என்று அவன் கேட்டபோது, உங்க வாப்பா என்று சொல்லியிருக்கலாம். அதுதான் உண்மையும். அவன் அன்றைக்கே வாசித்திருப்பான். அவருக்கும் அன்றைக்கு இரண்டு காதும் நன்றாகக் கேட்டது. நான் நானா என்றேன். காது கேட்ட காலத்தில் ஜமால் பாய் அந்தப் பாட்டைக் கடைசியாகக் கேட்டது என்னிடமிருந்துதான்.

ஜமால் பாய் மௌத்தாகிவிட்டார். பெட்டிக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி உறை விற்கிறார்கள். ஈசூன் வீட்டை வேறு யாரோ வாங்கி வாசலில் செடித் தொட்டி வைத்திருக்கிறார்கள். ரியாஸ் பெர்த் நகரத்துக்குப் போய் அங்கேயே குடும்பமாகிவிட்டான். பெருநாளுக்குப் பெருநாள் செய்தி அனுப்புவான். என்னை நானா என்று கூப்பிட இந்த ஊரில் இப்போது யாரும் இல்லை.

எனக்கென்று ஒரு பழைய ஆல்ட்டோ வாங்கியிருக்கிறேன். போன சனிக்கிழமை மீனைக் கொண்டுபோய் வீட்டில் வைத்துவிட்டு, கைப்பேசியில் அதே பாட்டை, நடுவில் ஆள் இல்லாத பாட்டைப் போட்டு வாசித்தேன். மூன்றாவது வீட்டில் கீழேயே நின்றேன், தாமதித்தேன், தாண்டினேன். வழக்கம்போல அந்த இடத்தில் ஒரு மூச்சு இடைவெளி விட்டேன். பியானோவும் பாஸும் போய்க்கொண்டே இருந்தன. "ம்" மட்டும் வரவில்லை.